எல்லா நாளும் 120

கீழமாசி வீதியில் ஒரு மொத்தப் பலசரக்குக் கடையில் முப்பது வருடம் கணக்கு எழுதியவர் அவர். 2009-இல் ஒரு திங்கட்கிழமை காலை, மனைவியோடும் மருமகளோடும் வந்து என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு நோட்டை நீட்டினார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட நான்கு கட்டங்கள். தேதி, வெறும் வயிற்றில், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, குறிப்பு. மூன்று மாதத்துக்கு ஒரு நாள் விடாமல் எழுதியிருந்தார். 120, 118, 122, 120, 125, 120. குறிப்பு என்ற கட்டம் மட்டும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை காலியாகக் கிடந்தது.

அன்று வந்திருந்த ரத்தப் பரிசோதனைத் தாள் வேறு கதை சொன்னது. ‘மூணு மாச சுகர்’ என்று எல்லோரும் சொல்லும் எச்பிஏ1சி 9.4. அந்த அளவு வர வேண்டுமென்றால் ரத்தச் சர்க்கரை சராசரியாக 220-ஐத் தொட்டிருக்க வேண்டும். அவர் பையிலிருந்த குளுக்கோமீட்டரை வாங்கி, பழைய அளவுகளைக் காட்டும் பொத்தானை அழுத்தினேன். 90 நாளில் மொத்தம் 14 முறைதான் பார்த்திருந்தார். 246, 212, 271, 198. மீட்டரை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

“ஐயா, கணக்கு எழுதுறவர் நீங்க. இது என்ன கணக்கு?”

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் பதில் சொல்லவில்லை. எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நோட்டு மேசையிலேயே கிடந்தது. அதன்பின் பதினோரு மாதம் அவர் வரவில்லை.

மதுரையில் சர்க்கரை நோயாளிகளுக்கு உணவும் பழக்கமும் சொல்லிக்கொடுக்கும் வேலையை 1998-இலிருந்து செய்கிறேன். பதவிப் பெயர் நீரிழிவுக் கல்வியாளர். நோயாளிகளுக்கு நான் ‘டயட் மேடம்’. மருத்துவர் மருந்து எழுதிக் கொடுத்த பிறகு என் அறைக்கு வருவார்கள். மாத்திரை எப்போது, இட்லி எத்தனை, ஊசி எங்கே போடுவது, மீட்டரில் எப்படிப் பார்ப்பது என்று கற்றுக்கொடுப்பேன். தன் உடம்பைத் தானே அளந்து பார்க்கும் கருவிகள் ஒவ்வொன்றாக இந்த மேசை வழியாக வந்து போனதை இத்தனை வருடமாகப் பார்த்திருக்கிறேன். அந்தக் கருவிகளை எப்படிக் கையாள வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த நோட்டுதான்.

*

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பெனடிக்ட் கரைசல் இன்னும் புழக்கத்தில் இருந்தது. சோதனைக் குழாயில் 5 மில்லி நீலக் கரைசல், அதில் எட்டுச் சொட்டுச் சிறுநீர், ஸ்பிரிட் விளக்கில் காட்டிக் கொதிக்க வைக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. கூடக் கூடப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் செங்கல் நிறம். ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர் ஒருவர் தினமும் விடியற்காலையில் வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து இதைச் செய்வார். காலண்டர் தாளில் அன்றைய கட்டத்துக்குள் நிறத்தின் முதலெழுத்தை எழுதுவார். நீ, ப, ம, ஆ, செ. எனக்குத் தெரிந்த முதல் ‘டிராக்கர்’ அந்தக் காலண்டர்தான்.

ஆனால் சிறுநீர் தாமதமாகத்தான் சேதி சொல்லும். ரத்தத்தில் சர்க்கரை 180-ஐத் தாண்டினால்தான் பெரும்பாலானவர்களுக்குச் சிறுநீரில் இறங்கும். அதுவும் சில மணி நேரத்துக்கு முந்தைய நிலவரம். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி, வேர்த்துக் கொட்டி, கை நடுங்கும் நேரத்தில் நீலக் கரைசல் நீலமாகவே இருக்கும், ஒன்றும் சொல்லாது.

ரத்தத்திலேயே பார்க்கும் கருவி வந்த கதையை, என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுவேன். அமெரிக்காவில் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன் என்று ஒரு பொறியாளர். பன்னிரண்டு வயதிலிருந்து முதல் வகைச் சர்க்கரை நோய். 1969-இல் ஒரு விளம்பரம் பார்க்கிறார். ஒரு சொட்டு ரத்தத்தில் ஒரு நிமிடத்தில் சர்க்கரை அளவைச் சொல்லும் கருவி. மயங்கிய நிலையில் இரவில் கொண்டுவரப்படுபவர் குடித்தவரா, சர்க்கரை நோயாளியா என்று அவசரப் பிரிவில் பிரித்தறிய அதைச் செய்திருந்தார்கள். எடை மூன்று பவுண்டு, விலை 650 டாலர். நோயாளிகளுக்கு விற்க மாட்டோம் என்றார்கள். அவர் மனைவி மருத்துவர் என்பதால் மனைவி பெயரில் வாங்கினார். ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை பார்த்து, எது ஏற்றுகிறது, எது இறக்குகிறது என்று தன் உடம்பிலேயே படித்தார். கண்டுபிடித்ததை எழுதி அனுப்பியபோது மருத்துவ இதழ்கள் ஏற்கவில்லை. நாற்பது வயதுக்கு மேல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து மருத்துவரானார். வீட்டில் உட்கார்ந்து நோயாளி தானே சர்க்கரை பார்ப்பது இன்று உலகம் முழுக்க இருக்கும் வழக்கம். அது ஒரு நோயாளியின் பிடிவாதத்திலிருந்து வந்தது என்பதை அந்தப் பிள்ளைகள் மறக்கக் கூடாது.

2000-க்குப் பிறகு அந்தக் கருவி உள்ளங்கை அளவுக்குச் சுருங்கி எங்கள் மேசைக்கு வந்துவிட்டது. ஆனால் ஸ்ட்ரிப் ஒவ்வொன்றுக்கும் காசு. கூலி வேலைக்குப் போகிற ஒருவருக்குத் தினம் இரண்டு ஸ்ட்ரிப் என்பது தினம் ஒரு வேளைக் காய்கறி. அதனால் ஒரு ஸ்ட்ரிப்கூட வீணாகாமல் பார்க்கக் கற்றுக்கொடுப்பதே என் முதல் பாடமாக இருந்தது.

விரல் நுனியின் நடுவில் குத்தக் கூடாது. வலி அங்கேதான் அதிகம். பக்கவாட்டில் குத்த வேண்டும். பூக்கட்டும் பெண்களுக்கு நாரை இழுத்து இழுத்து ஆள்காட்டி விரல் காய்த்துப் போயிருக்கும், தையல்காரர்களுக்கும் அப்படியே. அவர்களுக்கு மோதிர விரல். பிழிந்து எடுத்தால் ரத்தத்தோடு திசுநீர் கலந்துவிடும். கையைத் தொங்கவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவினால் ரத்தம் தானே வரும். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து வைத்தால் காற்றின் ஈரம் ஏறி அளவு மாறும்.

கழுவுவதன் அருமையை ஒரு மே மாதம் எனக்குக் கற்றுக்கொடுத்தது. இரவு எட்டு மணிக்கு அனுப்பானடியிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். “மேடம், 386 காட்டுது. ஆஸ்பத்திரிக்கு வரவா?” குரலில் அழுகை. என்ன சாப்பிட்டீர்கள் என்றேன். “ஒண்ணுமே சாப்பிடல. பேரப்பிள்ளைகளுக்கு மாம்பழம் நறுக்கிக் கொடுத்தேன், அவ்வளவுதான்.” சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, துடைத்துவிட்டு மறுபடி பார்க்கச் சொன்னேன். 148. விரலில் ஒட்டியிருந்த மாம்பழச் சாற்றைத்தான் மீட்டர் அளந்திருந்தது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் மட்டும் பழச் சர்க்கரை முழுதாகப் போவதில்லை, தண்ணீர்தான் வேண்டும். அன்றிலிருந்து எந்த எண்ணைக் கேட்டாலும், அந்த எண் எந்தக் கையிலிருந்து வந்தது என்று கேட்கப் பழகினேன். ஆனால் கையைப் பற்றிக் கேட்கத் தெரிந்த எனக்கு, மனதைப் பற்றிக் கேட்கத் தெரியவில்லை.

*

கணக்குப்பிள்ளை ஐயா பதினோரு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது வலது காலில் கட்டுப் போட்டிருந்தது. செருப்பு வார் உரசிய இடம் புண்ணாகி, ஏழு வாரமாக ஆறவில்லை. மருத்துவர் பார்த்துவிட்டு என்னிடம் அனுப்பியிருந்தார். இந்த முறை தனியாக வந்திருந்தார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். வீட்டு ஆட்கள் முன்னால் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்றேன். கொஞ்ச நேரம் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “பொய் எழுதணும்னு எழுதல மேடம். மொதத் தடவ 230-னு எழுதிக் கொண்டாந்தேன். உங்களுக்கு முகம் மாறுச்சு. டாக்டரு மாத்திரையக் கூட்டுனாரு. வீட்டுல அன்னைக்கு ராத்திரி எனக்கு மட்டும் கோதுமை உப்புமா. அடுத்த மாசம் உங்க முகம் மாறக் கூடாதேன்னு எழுதுனேன். அப்புறம் அதையே எழுதிட்டேன்.”

முப்பது வருடம் கடைக்கு ஒரு ரூபாய் தப்பில்லாமல் கணக்கு முடித்தவர், தன் உடம்புக் கணக்கை மட்டும் என் முகத்துக்காகப் பொய்யாக எழுதியிருக்கிறார். நோட்டில் பொய் எழுதுவது அவர் ஒருவரின் பழக்கம் இல்லை. அளவுகளைத் தானே சேமித்து வைக்கும் மீட்டர்கள் வந்த 1980-களிலேயே, நோயாளிகள் எழுதிக் கொண்டுவருவதும் மீட்டர் சொல்வதும் பல இடங்களில் ஒத்துப்போவதில்லை என்று ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நான் அதைப் படித்தும் இருந்தேன். படித்தபோது நோயாளிகளின் தவறாகத்தான் அதைப் புரிந்துகொண்டிருந்தேன்.

அந்த வாரமே சில பழக்கங்களை மாற்றினேன். ‘நல்ல சுகர்’, ‘மோசமான சுகர்’ என்று சொல்வதை விட்டேன். எண்ணைப் பார்த்ததும் “அச்சச்சோ” என்பதையும் “சூப்பர்” என்பதையும் விட்டேன். இரண்டாவதை விடுவதுதான் கஷ்டமாக இருந்தது. ஆனால் ஒரு எண்ணுக்குப் பாராட்டு உண்டென்றால் இன்னொரு எண்ணுக்குத் தண்டனை உண்டென்று எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடும். நோட்டில் குறிப்பு என்ற நான்காவது கட்டத்தை முதல் கட்டமாக்கினேன். அகலமாகவும் ஆக்கினேன். என்ன சாப்பிட்டீர்கள், எங்கே போனீர்கள், தூங்கினீர்களா, யாரோடாவது சண்டையா என்று எழுதச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் எண்.

தினமும் பார்க்கச் சொல்வதையும் மாற்றினேன். இன்சுலின் போடுபவர்களுக்கு அடிக்கடி பார்ப்பது கட்டாயம், அவர்கள் வேறு. மாத்திரையில் இருப்பவர்களுக்கு, வாரத்துக்கு ஒரு கேள்வி, அதற்கு இரண்டு ஸ்ட்ரிப் என்று ஏற்பாடு. சாப்பிடும் முன் ஒரு சொட்டு, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு சொட்டு. நடுவில் நடந்தது என்ன என்பதுதான் அந்த வாரத்துப் பாடம்.

கேப்பை சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது என்று உறுதியாக நம்பிய ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர் வந்தார். காலையில் இரண்டு டம்ளர் கேப்பைக் கூழ். நான் எதிர்த்துப் பேசவில்லை. “இந்த வாரம் அதையே பாத்துருவோம் டீச்சர்” என்றேன். கூழுக்கு முன் 138, பின் 251. அடுத்த வாரம் அதே கேப்பை மாவு, முருங்கைக்கீரை போட்டு இரண்டு அடை. முன் 134, பின் 187. நைஸாக அரைத்து, தண்ணீராகக் கரைத்துக் குடிக்கும்போது வயிற்றுக்கு வேலையே இல்லை. உடனே ரத்தத்தில் கலக்கிறது. அடையாகக் கடித்துக் கீரையோடு தின்னும்போது மெதுவாக ஏறுகிறது. இதை நான் பத்து வருடமாகப் பலருக்கும் வாயால் சொல்லியிருக்கிறேன், யாரும் கூழை விட்டதில்லை. டீச்சர் அந்த இரண்டு எண்களைப் பார்த்த அன்றைக்கே விட்டார். தெருவில் இன்னும் நான்கு பேரை விட வைத்தார்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் நடப்பதையும் இப்படித்தான் பலர் பழகினார்கள். நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் 41 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2016-இல் வெளிவந்தது. நாளில் ஏதோ ஒரு நேரத்தில் 30 நிமிடம் நடப்பதைவிட, மூன்று வேளையும் சாப்பிட்ட பின் பத்துப் பத்து நிமிடம் நடந்தபோது சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை 12 சதவீதம் குறைவாக இருந்தது. இரவில் 22 சதவீதம். என் நோயாளிகளுக்கு ஒடாகோ தேவைப்படவில்லை. மொட்டை மாடியில் நடந்த இரவும் நடக்காத இரவும் அவர்கள் மீட்டரிலேயே பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

*

பிறகு காலடி எண்ணும் காலம் வந்தது. மகன் வாங்கிக் கொடுத்த கடிகாரத்தோடு அம்மாக்கள் வர ஆரம்பித்தார்கள். எல்லோருக்கும் ஒரே கவலை: “பத்தாயிரம் வர மாட்டேங்குது மேடம்.”

இந்தப் பத்தாயிரம் எந்த மருத்துவப் புத்தகத்திலிருந்தும் வந்ததில்லை. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறு வருடம், 1965-இல், ஜப்பானில் யமாசா என்ற நிறுவனம் இடுப்பில் மாட்டும் காலடி எண்ணியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயர் மான்போ-கெய். பத்தாயிரம் அடி அளவி என்று பொருள். பெயராக வைத்த எண் உலகத்துக்கே இலக்காகிவிட்டது. 2019-இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ குழுவினர், சராசரி வயது 72 உள்ள 16,741 பெண்களின் காலடிகளை அளந்து வெளியிட்டார்கள். நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் நன்றாகவே குறைந்திருந்தது. 7,500-க்கு மேல் போனால் பலன் பெரிதாகக் கூடவில்லை. முட்டிவலியோடு 3,000 அடி நடக்கும் ஒரு பாட்டியிடம் பத்தாயிரம் என்றால் உட்கார்ந்துவிடுவார். “இன்னும் ஐநூறு” என்றால் எழுந்திருப்பார். தெப்பக்குளத்தை ஒரு முறை சுற்றினால் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அரைச் சுற்றில் தொடங்கியவர்கள்தான் என்னிடம் வருடக்கணக்கில் நடக்கிறார்கள்.

கடிகாரத்துக்குத் தெரியாத உழைப்பும் உண்டு. மேலூர்ப் பக்கம் நாற்று நடப் போகும் ஒரு அக்கா, மகள் கட்டிவிட்ட கடிகாரத்தைக் காட்டினார். நாள் முழுக்கச் சேற்றில் குனிந்து நட்ட அன்று 2,900 அடி. வீட்டில் இருந்த மகளுக்கு 6,000. “நான் சோம்பேறியா மேடம்?” என்று கேட்டார். அவர் கேட்டதில் உண்மையான வருத்தம் இருந்தது. கடிகாரத்துக்குள் இருப்பது அசைவை உணரும் ஒரு சின்னச் சில்லு. வீசி நடக்கும் கையின் தாளத்தை அடியாக எண்ணும். சேற்றில் மெதுவாக, அங்குலம் அங்குலமாகப் பின்னால் நகரும் கால் அதற்குத் தெரியாது. சப்பாத்தி மாவு பிசையும் கை சில நேரம் நடையாகத் தெரியும். நடவு, களையெடுப்பு, கல் சுமப்பது என்று நம் ஊர்ப் பெண்களின் உழைப்பில் பாதி இந்தக் கருவிகளின் கணக்குக்குள் வராது. அந்த அக்காவிடம் கடிகாரத்தை நடவு இல்லாத நாட்களில் மட்டும் கட்டச் சொன்னேன். அவருக்கு உதவி தேவைப்பட்டது அந்த நாட்களில்தான். வேலை இல்லாத மாதங்களில் சாப்பாடு மட்டும் அதே அளவில் இருந்தது.

கருவி கையில் இருந்தால் பழக்கம் தானே வரும் என்று நம்புகிறவர்களுக்கு இரண்டு ஆய்வுகளைச் சொல்வேன். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில், எடை குறைக்க முயன்ற 471 இளைஞர்களை எடுத்துக்கொண்டார்கள். ஆறு மாதம் எல்லோருக்கும் ஒரே உணவு, ஒரே ஆலோசனை. அதன்பின் பாதிப் பேருக்குக் கையில் மாட்டும் டிராக்கர் கொடுத்தார்கள். 2016-இல் முடிவு வந்தது. இரண்டு வருடத்தில் டிராக்கர் இல்லாதவர்கள் 5.9 கிலோ குறைந்திருந்தார்கள். டிராக்கர் மாட்டியவர்கள் 3.5 கிலோதான்.

இன்னொன்று நம் தென்னிந்தியாவில் நடந்தது. மருத்துவர் அ.ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த, வேலைக்குப் போகும் ஆண்கள் 537 பேரைச் சேர்த்தார்கள். பாதிப் பேருக்குச் சாதாரண செல்போனில் வாரத்துக்குச் சில குறுஞ்செய்திகள். ஒருவர் மாறத் தயாராக இருக்கிறாரா, மாறத் தொடங்கிவிட்டாரா என்று பார்த்து, அதற்கேற்ற செய்தி. இரண்டு வருடம் கழித்து, செய்தி பெறாதவர்களில் 27 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்திருந்தது. செய்தி பெற்றவர்களில் 18 சதவீதம். 2013-இல் வெளிவந்த ஆய்வு இது. ஸ்மார்ட்போன்கூட இல்லை, வெறும் குறுஞ்செய்தி. ஆனால் அந்தச் செய்தி, எதிரில் இருப்பவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்று பார்த்துப் பேசியது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கருவியின் விலையில் இல்லாத ஏதோ ஒன்று வேலை செய்வது தெரிகிறது. என் மேசையில் அதைத்தான் தினமும் பார்க்கிறேன்.

*

இப்போது சென்சார் காலம். பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வட்டம். மேற்கையில் ஒட்டிவிட்டால் 14 நாள் இருக்கும். தோலுக்கு அடியில் மெல்லிய இழை. நேராக ரத்தத்தில் பார்ப்பதில்லை, திசுநீரில் பார்க்கிறது. அதனால் வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் சில நிமிடம் பின்தங்கிச் சொல்லும். ஒரு நாளின் ஏற்ற இறக்கம் முழுவதும் மலைத்தொடர் மாதிரி போன் திரையில் ஓடும். முதன்முதலாக அந்தக் கோட்டைப் பார்த்தபோது, இருபது வருடமாகச் சாவித் துவாரம் வழியாகப் பார்த்த அறையின் கதவு திறந்த மாதிரி இருந்தது எனக்கு.

அந்தக் கதவு வழியாக வேறு சிலரும் உள்ளே வந்தார்கள். அண்ணா நகரில் தனியாக இருக்கும் ஒரு அப்பா, மகன் அமெரிக்காவில். சென்சாரின் அளவுகளை மகன் தன் போனிலும் பார்க்க ஏற்பாடு செய்திருந்தார். அன்பினால்தான் செய்தார். ஆனால் இரவு ஒன்பது மணிக்குத் தட்டில் கை வைத்த நேரத்தில் போன் வரும்: “அப்பா, 210 காட்டுது, என்ன சாப்பிடுறீங்க?” ஒரு நாள் நள்ளிரவு இரண்டு மணிக்கு மகனின் போனில் 58 என்று அலாரம். அப்பா போனை எடுக்கவில்லை. பதறிப்போய்ப் பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பி, அவர் கதவைத் தட்டி, அப்பா தூக்கக் கலக்கத்தில் வந்து திறந்தார். விரலில் குத்திப் பார்த்தால் 112. சென்சார் ஒட்டிய கையை அடியில் வைத்து ஒருக்களித்துத் தூங்கியிருக்கிறார். அழுத்தத்தில் சென்சார் குறைத்துக் காட்டும். இது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மறுநாள் அப்பா சென்சாரைப் பிய்த்துக் கையில் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

“எனக்குள்ள சிசிடிவி வேண்டாம்மா.”

மகனோடு வீடியோவில் பேசினேன். ஒரு ஒப்பந்தம் போட்டோம். 70-க்குக் கீழே போகும் அலாரம் மட்டும் மகனுக்கு. அது உயிர் காக்கும் சேதி. மகனுக்கு அந்த உரிமை உண்டு. மற்ற ஏற்ற இறக்கமெல்லாம் அப்பாவின் சொந்த விஷயம். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, அப்பாவாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். மூன்றாவது வாரத்தில் அப்பாவே மகனிடம் கோட்டைக் காட்டி, பொங்கல் சாப்பிட்ட காலையையும் பாசிப்பயறு தோசை சாப்பிட்ட காலையையும் விளக்க ஆரம்பித்துவிட்டார். அதே எண்கள்தான். அவற்றை யார் முதலில் பேசுவது என்பது மட்டும்தான் மாறியிருந்தது.

கருவி சிலரைத் துரத்தவும் செய்கிறது. 90 வந்தே தீர வேண்டும் என்று இரவுச் சாப்பாட்டை நிறுத்திக்கொண்டு, மாத்திரையை மட்டும் போட்ட ஒரு தம்பி, விடியற்காலையில் 54-இல் குளியலறையில் விழுந்து நெற்றியில் தையலோடு வந்தார். வெறும் வயிற்றில் 80 முதல் 130 வரை பெரும்பாலானவர்களுக்குப் போதும். 90-க்குத் தனிப் பரிசு கிடையாது. 70-க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இதை என் மேசைக்கு வரும் ஒவ்வொருவரையும் வாய்விட்டுத் திரும்பச் சொல்ல வைத்துத்தான் அனுப்புகிறேன். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை விரலைக் குத்திக்கொள்ளும் ஒருவருக்கு மீட்டரைப் பத்து நாள் பீரோவில் வைத்துப் பூட்டச் சொன்னதும் உண்டு. அந்தப் பத்து நாளும் அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

2023-இல் வெளிவந்த ஐசிஎம்ஆர் ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய்; இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் சென்சார் வாங்கப் போவதில்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், தன்னார்வப் பெண்கள் பிரஷர் கருவியையும் குளுக்கோமீட்டரையும் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போகிறார்கள். அவர்களைச் சந்திக்க நேரும்போதெல்லாம் ஒன்றுதான் கேட்டுக்கொள்வேன்: எண்ணைச் சத்தமாகச் சொல்லாதீர்கள். திண்ணையில் மாமியார் இருப்பார், பக்கத்து வீட்டுக்காரர் இருப்பார். அந்த எண் யாருடைய உடம்பிலிருந்து வந்ததோ, அவர் காதில் முதலில் விழட்டும். “நேத்து என்னக்கா நடந்துச்சு?” என்று கேளுங்கள். சேலை முந்தானையை இழுத்துக்கொண்டு அவர் சொல்லத் தொடங்குவதுதான் சிகிச்சையின் முதல் வரி.

*

கணக்குப்பிள்ளை ஐயாவின் கால்புண் ஆற மூன்று மாதம் ஆனது. அதன் பிறகு ஏழெட்டு வருடம் விடாமல் வந்தார். புது நோட்டு போட்டார். முதல் மாதம் வெறும் எண்கள் மட்டும் எழுதி வந்தார். 240, 226, 219. ஒவ்வொன்றையும் எழுதும்போது கை தயங்கியிருப்பது பேனா அழுத்தத்திலேயே தெரிந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். இரண்டாவது மாதம் குறிப்புக் கட்டத்தில் எழுத்து வர ஆரம்பித்தது. “கடையில் ஸ்டாக் எடுப்பு. மதியச் சாப்பாடு நாலு மணிக்கு.” “மழை. நடக்கவில்லை.” “மகனோடு பேச்சுவார்த்தை இல்லை.” வருடக் கடைசியில் எச்பிஏ1சி 7.3-க்கு வந்தது.

அந்த நோட்டில் ஒரு பக்கத்தை அவரிடம் கேட்டு வாங்கிப் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் நாள், பெர்ன்ஸ்டீன் கதைக்குப் பிறகு, இதைத்தான் காட்டுகிறேன். இழுப்பறையில் இருக்கும் பழைய நோட்டையும் பக்கத்தில் விரித்து வைப்பேன். ஒரு பக்கம் வரிசையாக 120, 120, 120. இன்னொரு பக்கம், கடைக் கணக்கு எழுதுகிற அதே சாய்ந்த எழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல்:

“பேத்தி காதுகுத்து. கேசரி இரண்டு தடவை வாங்கினேன். 268.

மறுநாள். தெப்பக்குளம் இரண்டு சுற்று. 141.”